வேரைப் பிடுங்கிப் பார்த்தவர்

அந்த மனிதர் எங்கள் காணிக்குள் முதன்முதல் கால் வைத்த அன்று செய்த வேலை, பூவும் பிஞ்சுமாக நின்ற என் மிளகாய்க் கன்றுகளில் நல்லதாக ஒன்றைத் தேடிக் கிளப்பியதுதான். ஒரு சொல் கேட்கவில்லை. சின்ன மண்வெட்டியை அடியில் போட்டு நெம்பினார். மண்ணை உதறி, வேரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்லாயிருக்கு தங்கச்சி" என்று கன்றை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நல்லாயிருந்ததை ஏன் பிடுங்கினீர் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் என்று விழுங்கிக்கொண்டேன். அன்று முழுவதும் என் ஏச்சைக் கேட்டது குசினிக்குள் இருந்த சட்டி பானைகள்தான்.

அவர் எங்கள் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக வந்தவர். கிளிநொச்சிக்கு அப்பால், குளத்து வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் காட்டை வெட்டி எங்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். பள்ளத்தில் வயல், மேட்டில் வீடும் தோட்டமும். எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த புதுக் குடிகள். நெல்லை நாங்கள் அங்கே வந்துதான் பழகினோம். மிளகாய் எங்கள் கையோடு வந்தது.

அவருக்குப் 'பிடுங்கி' என்று பெயர் வைத்தது நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பொருத்தமான பெயர். என் வெட்கம் வேறு விஷயத்தில், அது பிறகு வரும். "பிடுங்கி வாறார்" என்று வாய்க்கால் தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும், வளவில் நிற்கிற திறமான கன்றுகளின் மேல் பழைய பனையோலைக் கடகங்களைக் கவிழ்த்து மூடிவிடுவோம். அவர் வந்து, வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும் கடகங்களைப் பார்ப்பார். ஒரு கடகத்தைத் தூக்கி, அடியில் இருப்பதைப் பிடுங்குவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஐயா, சாகப்போற கண்டு எத்தினை நிக்குது. அதுகளைப் பிடுங்கிப் பாத்தால் என்ன?"

"செத்த வேரிலை எல்லாரும் வந்து குடியிருப்பினம் தங்கச்சி. ஆர் முதல் வந்தது, ஆர் பிறகு வந்தது எண்டு பிடிக்கேலாது. அதுதான் உசிரோடை நிக்கேக்கையே பாக்கிறது" என்றார்.

அவருடைய குணம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருந்தது. எந்தக் கெடுதிக்கும் ஒரு காரணத்தை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. ஒருமுறை பரந்தனுக்குப் போகிற வழியில் நாங்கள் போன பஸ் வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. ஒருவருக்கும் பெரிய காயமில்லை. மாடு குறுக்கே வந்தது என்றார் டிரைவர். கொண்டக்டரும் மாடு என்றார். பின்னால் இருந்து ஒன்றையும் காணாத நாங்களும் மாடு என்றோம். இவர் மட்டும் முழங்கால் சேற்றோடு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"மாடு மட்டும் எண்டால் பிரேக் பிடிச்சு நிண்டிருக்கும். மற்றது என்ன?" என்றார்.

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கிழமை முழுவதும் இவர் கைகாட்டிய இடத்தில் அந்த பஸ் நிற்கவில்லை. அதற்கும் இவர் கோபிக்கவில்லை.

பஸ் என்றால் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். செத்தவீட்டில் அப்படிக் கேட்கலாமா? எங்கள் குடியேற்றத் திட்டத்தில் ஒரு குடும்பஸ்தர் பாம்பு கடித்து இறந்துபோனார். தமையன்காரன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பாம்பு கொண்டுபோட்டுதே" என்று கதறுகிறான். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம்.

"கடிச்சது எத்தினை மணிக்கு? ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டது எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

தமையன்காரன் நெஞ்சில் அடித்த கையை இறக்கிவிட்டான். எல்லை வேலியால் அண்ணனும் தம்பியும் கதைக்காமல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். வண்டில் இருந்தது அண்ணன் வீட்டில். அதைப் போய்க் கேட்கத் தம்பியின் மனைவி தயங்கி நின்ற நேரமும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நாங்கள் அத்தனை பேரும் பாம்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். என் கணவர் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"அப்பிடிக் கேக்கிறதோ ஐயா, அதுவும் இண்டைக்கு?"

"கேக்காட்டில் அடுத்தமுறையும் வண்டில் கேக்கப் பின்நிப்பினம்" என்றார் அவர். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போகும்போது அவர் கண் கலங்கியிருந்ததாக என் கணவர் சொன்னார். நான் நம்பவில்லை.

அதன் பிறகு நன்மை தின்மைக்கு அவரை ஒருவரும் அழைப்பதில்லை. வாய்க்கால் ஓரத்தில் அவருக்கு ஓர் அறையும் குசினியுமாகக் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். பொழுதுபடும் நேரம் வாசலில் இரண்டு கதிரை போடுவார். ஒன்றில் தான் இருப்பார். மற்றதில் யாரும் இருந்ததை நான் காணவில்லை. வயலிலிருந்து வருகிற ஆண்கள் அந்த இடம் வந்ததும் மாட்டை அதட்டி வேகமாக நடப்பார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கதிரையில் யார் போய் இருப்பது? இருந்தால் நம்மையும் கிளப்பிப் பார்ப்பாரே என்ற பயம்.

ஒருநாள் விதைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், "அக்காவை இஞ்சை கூட்டிக்கொண்டு வரலாம்தானே ஐயா?" என்று கேட்டேன். அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் இருப்பதாகக் கேள்வி.

"அவா வராமல் இருக்கிறதுக்கு ஒரு காரணம் எண்டால் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன் தங்கச்சி. ரண்டு இருக்கு" என்றார். அவை என்னென்ன என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரைப் போல என்னால் கேட்க முடியாது.

இனி மங்களத்தின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது.

குடியேற வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு வேலை செய்தோம். ஊரில் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். முதல் நாற்றுமேடையில் அதைப் பரப்பித்தான் மிளகாய் விதை போட்டோம். ஊர் மண் கலந்தால் புதுக் காணி கைவிடாது என்று ஒரு நம்பிக்கை. லொறியில் வருகிற வழியெல்லாம் அந்தச் சாக்கின்மேல் கை வைத்துக்கொண்டு வந்த பெண்களில் நானும் ஒருத்தி.

மங்களம் கடைசியாக வந்தவள். எனக்கு அடுத்த காணி. அவளும் ஒரு சாக்கு மண் கொண்டுவந்தாள். வந்த வருஷமே காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் தனியே தோட்டம் செய்தாள். அடுத்த போகத்தில் அவளுடைய மிளகாய்தான் முதலில் வாடியது. மத்தியானத்தில் இலை சோர்ந்து தொங்கும், பின்னேரம் நிமிரும், சரி, தப்பிவிட்டது என்று நினைப்போம். சில நாளில் அடி இலை மஞ்சளாகி ஒரு வரிசையே காய்ந்து நிற்கும். தண்ணீர் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி. அவள் தோட்டத்துக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்றத் தோட்டங்களிலும் தொடங்கியது.

சங்கக்கடையில் அரிசிக்கு நிற்கிற வரிசையில் ஒரே பேச்சு. "அவள் கொண்டுவந்த மண்ணிலைதான் வந்தது." அவளைக் கண்டால் வாய் மூடுவார்கள், அவள் போனதும் திறப்பார்கள். சிலர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நான் அதைவிடக் கெட்டிக்காரி. ஒற்றை றூல் தாள் எடுத்து, காணி கொடுத்த குடியேற்றக் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் எழுதினேன். இப்பெண்ணால் காணியைப் பராமரிக்க இயலாது, இவர் கொண்டுவந்த மண்ணால் அயற் காணிகளும் அழிகின்றன, ஆகையால் காணிப் பெர்மிட்டை ரத்துச் செய்யவேண்டும் என்று. கையெழுத்து வைக்கவில்லை. என் கணவருக்கும் சொல்லவில்லை. பெர்மிட் போனால் மங்களம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் போக இடம் இல்லை.

இரண்டு கிழமை கழித்து என் மிளகாயும் மத்தியானத்தில் தலை தொங்கத் தொடங்கியது. இந்த முறை கடகம் கவிழ்க்காமல் நானே போய் அவரைக் கூட்டிவந்தேன். ஒரு கன்றைக் கிளப்பி என்னிடம் வேரைக் காட்டினார். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

"பயத்தங்கொடி வேரிலையும் முடிச்சு இருக்குத்தானே ஐயா?"

"அதை நகத்தாலை தட்டினால் உதிரும். இதைத் தட்டிப் பாருங்கோ. உதிராது. வேரே வீங்கினது."

பேனாக்கத்தியால் தண்டின் அடியை நீளப் பிளந்தார். உள்ளே மண்ணிறமாக ஒரு கோடு ஓடியது.

"இது ரண்டு பேரின்ரை வேலை" என்று தொடங்கினார். "கண்ணுக்குத் தெரியாத புழு ஒண்டு. வட்டப்புழு. அது வேருக்குள்ளை பூந்து குடியிருக்க, வேர் இப்பிடி வீங்கும். அது தனிய எண்டால் கண்டு மெலிஞ்சு, காய் குறைஞ்சு, எப்பிடியோ காலத்தை ஓட்டும். மண்ணிலை பூஞ்சணமும் கிடக்கு. நல்ல வேருக்குள்ளை பூர அதுக்கு லேசில்லை. புழு துளைச்ச வேர் எண்டால் கதவு திறந்த வீடு. உள்ளை போய்த் தண்ணி ஏறுற வழியை அடைச்சுப்போடும். ரண்டும் சேர்ந்தாப் பிறகுதான் இந்தச் சாவு."

"பூஞ்சணம் எங்கையிருந்து வந்தது?"

"போகத்துக்குப் போகம் அதே நிலத்திலை மிளகாய். இடையிலை ஒரு எள்ளு, ஒரு குரக்கன் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள்தான் அதை வளத்தனீங்கள்."

"புழு மங்களத்தின்ரை மண்ணிலை வந்ததுதானே?" என்றேன் நான் விடாமல்.

அவர் கிணற்றடிக்குப் போனார். அங்கே நான் வந்த புதிதில் நட்ட கத்தரி ஒன்று, கழுவுகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மெலிந்துபோய் ஆனால் சாகாமல் நின்றது. அதைக் கிளப்பினார். வேரில் விரல் பருமனுக்கு முடிச்சுகள், பழையவை, தடித்துக் கறுத்தவை.

"இது மங்களம் வர முந்தி வந்த புழு தங்கச்சி. உங்கடை ஊர்மண் சாக்கிலை வந்தது. எல்லார் வீட்டுச் சாக்கிலையும் வந்திருக்கும். அவவின்ரை காணி பள்ளமான பக்கம், ஈரம் கூட. அதாலை அவவுக்கு முதல் தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

அவர் தன் மண்வெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அலகில் என் காணியின் மண்ணும் அதற்கு முந்திய காணியின் மண்ணும் ஒட்டிக் காய்ந்திருந்தன. அதை விரலால் சுரண்டினார்.

"ரண்டு எண்டு நினைச்சன். மூண்டு" என்றார். "காணி காணியாய் இதைக் காவிக்கொண்டு திரிஞ்சது நான்."

கிணற்றுக்கட்டின் மேல் போய் இருந்தார். "கந்தோரிலை ஒரு பெட்டிசம் காட்டினவை. வடிவான எழுத்து" என்றார். என்னுடைய விண்ணப்பங்கள் எத்தனையோ அவர் கையால் போயிருக்கின்றன. நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிளகாய்க்காகத்தானோ எழுதினது?"

"ஓம்" என்றேன்.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் தம்பி ஊரில் காணியில்லாமல் இருந்தான். அடுத்த காணி வெறுமையானால் அவனுக்குக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் நான் தாளை எடுத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னை வெறுத்திருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் சொன்னது, "தேத்தண்ணி போடட்டோ ஐயா?" என்பதுதான். வேண்டாம் என்று எழுந்து போனார்.

அடுத்த நாள் சங்கக்கடை முன்னால் ஆட்களைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எல்லார் வீட்டு ஊர்மண்ணும், போகத்துக்குப் போகம் வைத்த மிளகாயும், தன்னுடைய மண்வெட்டியும். பெட்டிசத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"அப்ப எல்லாரும்தான் எண்டு சொல்லுறியளோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம்."

"எல்லாரும் எண்டால் ஒருத்தரும் இல்லை எண்டுதானே அர்த்தம்? ஆரெண்டு சொல்லுங்கோ ஐயா. சுத்தாதேங்கோ."

சிரிப்பு எழுந்தது. கூட்டம் கலைந்தது. மங்களம் மட்டும் ஒரு பக்கம் நின்றாள். அவளுக்கும் இது விளங்கியதாகத் தெரியவில்லை. விளங்கினாலும் அவளுக்கு அதனால் என்ன பயன்? அவளை மன்னிக்க ஒருவரும் ஆயத்தமாக இல்லை.

என் பெட்டிசத்தை விசாரிக்கக் குடியேற்ற உத்தியோகத்தர் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டிலில் மேசை போட்டிருந்தது. மங்களம் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். சின்னவளுக்குத் தலை வாரி இழுத்து ரிபன் கட்டியிருந்தாள்.

உத்தியோகத்தர் பொல்லாதவர் அல்ல. அவசரக்காரர். போதனாசிரியரைக் கூப்பிட்டு, "எனக்கு நீளக் கதை வேண்டாம். இந்த மனிசியின்ரை மண்ணாலை வந்ததோ, இல்லையோ? காரணத்தை ஒரு வரியிலை சொல்லும்" என்றார்.

இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"அவவின்ரை மண்ணாலை இல்லை. என்ரை மண்வெட்டியாலை" என்றார்.

தன் டயறியை எடுத்து மேசையில் வைத்தார். எந்த நாளில் எந்தக் காணியில் கன்று பிடுங்கினார் என்று அதில் எழுதியிருந்தது. பிடுங்கிய ஒழுங்கிலேயே காணிகள் வாடியதையும் எடுத்துக் காட்டினார். "நோயைக் காவிக்கொண்டு திரிஞ்சது நான்தான். மண்வெட்டியைக் கழுவேல்லை" என்றார்.

"வேறை காரணம் ஏதும்?" என்று உத்தியோகத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வேறை ஒண்டும் இல்லை. அது ஒண்டுதான்."

அந்த மனிதர் பொய் சொன்னதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அது பொய் என்று அந்தக் கொட்டிலில் தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் சங்கக்கடையில் அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கவே இல்லை. என் கிணற்றடியில் கத்தரி வேர் இன்னும் காய்ந்து கிடந்தது. எழுந்து, "என்ரை மண்ணிலையும் இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் குந்திய இடத்தில் குந்தியிருந்தேன்.

பிறகு ஒரே கூச்சல். கடகம் கவிழ்த்து மூடியும் விடவில்லையே என்று பெண்கள் கத்தினார்கள். அத்தனை பேரிலும் கூடக் கத்தியவள் மங்களம். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷமாகச் சபிக்கப்பட்டவளாக நடமாடிய பெண்ணுக்கு, தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் இவன்தான் என்று ஒரு முகம் கிடைத்துவிட்டது.

"என்ரை பிள்ளையளின்ரை வயித்திலை அடிச்சுப்போட்டு, இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ ஐயா?" என்று அழுதபடி ஓடிப்போய், அவர் சைக்கிளிலிருந்த மண்வெட்டியை இழுத்தெடுத்து வாய்க்காலுக்குள் எறிந்தாள்.

அவர் அதைத் தேடவில்லை. "சரி பிள்ளை, சரி பிள்ளை" என்று இரண்டு முறை சொன்னார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வெயிலுக்குள் நடந்து போனார். ஒருவரும் கூடப் போகவில்லை. என் கணவர் எழுந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து இருத்தினேன்.

மங்களத்தின் பெர்மிட் தப்பியது. அவருக்கு இடமாற்றம் வந்தது, மன்னார்ப் பக்கம் என்றார்கள். எந்த நாளில் போனார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. புதிதாக வந்தவர் வெள்ளைக் காற்சட்டையோடு தெருவில் நின்றே யோசனை சொல்லிவிட்டுப் போவார். எங்களுக்கு அவரை நன்றாகப் பிடித்தது. மிளகாய் அந்த வருஷமும் செத்தது, அடுத்த வருஷமும் செத்தது. பிறகு வேறு வழியில்லாமல் எள்ளு விதைத்தோம்.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் மங்களம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து இருக்கவும் இல்லை. வாசலில் நின்று என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்த ஒரு வருசமா எனக்கெதிரா ஒரு சொல்லும் சொல்லாதது நீங்கள் ஒருத்திதான் அக்கா. அண்டைக்கு விசாரணையிலையும் நீங்கள் வாய் திறக்கேல்லை. சாகுமட்டும் மறக்கமாட்டன்" என்றாள்.

அவள் கண்ணீர் என் விரல்களில் பட்டது. அந்த வலக்கையால்தான் பெட்டிசம் எழுதினேன். கையை இழுத்துக்கொள்ளாமல், அவள் அழுது முடியும்வரை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன்.